இரண்டு டப்பாவும் ஒரே ஒரு கொண்டைக்கடலையும்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஜூன் மாத வெள்ளிக்கிழமை, துபாய் சோனாப்பூரில் எங்கள் கம்பெனியின் தொழிலாளர் கேம்ப் சாப்பாட்டு ஹாலில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்த சூட்டோடு வந்து, சைட் ஆபீஸில் டைம்கீப்பராகச் சேர்ந்திருந்தேன். ஊரில் வாக்காளர் பட்டியலில் என் பெயர் ஏறியபோது நான் விமானம் ஏறியிருந்தேன். ஆக, வாழ்க்கையில் பெட்டியில் ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. எங்கள் பிளாக்கில் என்னைப் போல இருபது பேராவது இருந்தார்கள்.

எங்களுக்கென்று இருந்த ஒரே தேர்தல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கை தூக்கியே முடிந்துவிடும் மெஸ் செக்ரட்டரி தேர்தல்தான். சின்னப் பதவி என்று நினைக்காதீர்கள். என்ன சமைப்பது, எப்போது சமைப்பது, டப்பாவில் எப்படிப் போடுவது எல்லாம் செக்ரட்டரி சொல்வதுதான். விடிவதற்கு முன் கட்டும் மதியச் சோறு கோடையில் சைட்டில் திறப்பதற்குள் புளித்துவிடுகிறது என்று பையன்கள் எப்போதும் முணுமுணுப்பார்கள். கொட்டிவிட்டு, குபூஸ் ரொட்டியை மோரில் தொட்டுத் தின்றுவிட்டு, அந்த வெயிலில் மறுபடி வேலைக்கு ஏறுவார்கள். இதெல்லாம் என் காதிலும் விழும். விழுந்து, அப்படியே போய்விடும்.

போன இரண்டு தேர்தலிலும் எங்கள் பிளாக்கிலிருந்து இரண்டு பேர் நின்று, ஓட்டைப் பிரித்து, அடுத்த பிளாக் ஆளை ஜெயிக்க வைத்திருந்தோம். இந்த முறையும் இரண்டு பேர். ஒருவர் ஸ்டோர்கீப்பர், மதுரைக்காரர், கல்லூரியில் மாணவர் தலைவராக இருந்தவர். இன்னொருவர் கம்பி கட்டும் அண்ணன், பெரம்பலூர்ப் பக்கம். அவர் ஒரு நாளைக்குப் பேசும் வார்த்தைகளை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வாரம் ஆபீஸில் கிடந்த ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவில் ஒரே கட்சிக்காரர்கள் யார் வேட்பாளர் என்று முடிவு செய்யத் தங்களுக்குள்ளேயே மேடையில் விவாதம் நடத்துகிறார்களாம். கல்லூரிப் பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அவரவர் கருத்தைச் சொல்கிறார்களாம். உற்சாகத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் பிளாக்குக்கு ஒரே வேட்பாளர்தான், அது யார் என்று விவாதம் வைத்து நமக்குள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வோம் என்று அன்று சாயங்காலமே அறை அறையாகப் போய் எல்லோரையும் சம்மதிக்க வைத்தேன். நடுவர் நான். தலைக்கு மூன்று நிமிடம். கேள்விகளும் நானே தயார் செய்தேன், மொத்தம் பன்னிரண்டு. வெள்ளிக்கிழமை பிரியாணி, டி.வி. எந்த நேரம் அணைப்பது, வீடியோ கேசட் யார் தேர்ந்தெடுப்பது என்று ஒன்றையும் விடவில்லை. மனதுக்குள் ஸ்டோர்கீப்பர்தான் என் ஆள். அவருக்கே என் ஓட்டு என்று கைகொடுத்து வாக்கும் கொடுத்திருந்தேன்.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, தொழுகைக்குக் கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும் என்று ஆரம்பித்தோம். கையில் ஒரு தட்டும் கரண்டியும் வைத்துக்கொண்டு நின்றேன். நேரம் முடிந்தால் தட்ட வேண்டும் அல்லவா.

ஸ்டோர்கீப்பர் எழுந்தார். அடேயப்பா, என்ன பேச்சு. "உழைக்கும் தோழர்களே" என்று தொடங்கியதும் பின் வரிசை பெஞ்சில் ஏறி நின்றது. மட்டன் பிரியாணி, ஊரிலிருந்து ஊறுகாய், மாதம் நான்கு புதுப் படம். சரியாக மூன்றாவது நிமிடத்தில் உட்கார்ந்தார். நான் நோட்டுப்புத்தகத்தோடு ஓடி இளைஞர்களின் கருத்தைக் கேட்டேன். "மயிர்க்கூச்செரிஞ்சிருச்சு." "இவரு இங்க இருக்க வேண்டிய ஆளே இல்லண்ணே, கோட்டைல இருக்கணும்." ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன்.

அடுத்து கம்பி கட்டும் அண்ணன். எழுந்தார். என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு நிமிசம் இருங்க" என்று சொல்லிவிட்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. "ஊருக்கே பஸ் ஏறிட்டாருடா" என்று ஒருவன் சொல்ல, "இல்ல, பாத்ரூமு" என்று இன்னொருவன் திருத்தினான். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம், இரண்டு, மூன்று. டங் என்று தட்டினேன்.

"நேரம் முடிஞ்சுது. பேசாததால ஸ்டோர்கீப்பர் அண்ணனே..."

முடிக்கவில்லை. அண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றார். இரண்டு கையிலும் இரண்டு டப்பா. மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்திருக்கிறார்.

"டைம் முடிஞ்சிருச்சுண்ணே. ரூல் ரூல்தான்" என்றேன்.

"டைம் முடிஞ்சா என்னடா, சோறு முடிஞ்சுதா? அவரப் பேச விடு" என்று முன் வரிசையிலிருந்து ஒரு குரல். பெஞ்சுகளைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கரண்டி வைத்திருந்த என் கைக்கு ஒரு மரியாதையும் இல்லை.

அண்ணன் மேசையில் டப்பாக்களை வைத்தார். "காலைல அஞ்சு மணிக்குக் கட்டினது ரெண்டும். மாடில தண்ணி டேங்க் நெழல்ல வச்சிருந்தேன், சைட்ல வைக்கிற மாரியே. தம்பி, நீங்கதான நடுவரு. மோந்து பாருங்க."

முதல் டப்பாவைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். புளித்த நெடி மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் இரண்டடி பின்வாங்கினேன்.

"இதாங்க எங்க சாப்பாடு" என்றார். சத்தமே போடவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். "தம்பி டப்பா ஆபீஸ் ஃப்ரிட்ஜுல குளுகுளுன்னு தூங்குமே, அதுக்கு எப்படித் தெரியும்?"

ஹாலே குலுங்கியது. நானும் சிரித்தேன், ஆனால் காது இரண்டும் சூடாகிவிட்டது. அது உண்மை. ஒன்றரை வருடமாக என் டப்பா ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. என் பன்னிரண்டு கேள்விகளில் டப்பாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது டப்பாவைத் திறந்தார். வெறும் சோறு, உதிரி உதிரியாக. பக்கத்தில் ஒரு குட்டி டப்பாவில் புளிக்குழம்பு. பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, டப்பாவை முன் வரிசைக்குக் கொடுத்தார். அது கை மாறி மாறிப் போய், நான்காவது வரிசை தாண்டுவதற்குள் காலி.

"வேற ஒண்ணுமில்ல. இப்ப சோத்தக் கடசியா வடிச்சு, சுடச்சுட அமுக்கி, மேலயே கொழம்ப ஊத்தி மூடுறோம். மொதல்ல சோத்த வடிச்சு, தட்டுல பரப்பி ஆறவிட்டு, கொழம்பத் தனியா கட்டுனா தாங்குது. சமையக்கார பாய்ட்ட பேசிட்டேன். பரப்புறதுக்கு நாலு பேரு மொற வச்சு எந்திரிக்கணும். மொத வாரம் நான் எந்திரிக்கிறேன்." இவ்வளவுதான். போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் மறுபடி நோட்டுப்புத்தகத்தோடு போனேன். "யாரு பேச்சு பிடிச்சிருந்தது?" என்று ஒரு பையனைக் கேட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ரெண்டாவது டப்பா."

பிறகு ஓட்டு. பால் பவுடர் டின் மூடியில் துளை போட்டு ஒரு போர்வைக்குப் பின்னால் வைத்திருந்தோம். ஸ்டோர்கீப்பருக்குக் கொண்டைக்கடலை, அண்ணனுக்குச் சிவப்பு ராஜ்மா. பெட்டியில் போடும் முதல் ஓட்டு என்பதால் சில பையன்கள் தலை சீவிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் போட்டுவிட்டு வெளியே வந்து, விரலில் மை எங்கே என்று கேட்டான். மார்க்கர் பேனா கொண்டுவந்து எல்லோருக்கும் ஒரு கோடு போட்டோம். என் முறை வந்தபோது கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. மூக்கில் அந்த நெடி இன்னும் இருந்தது. ராஜ்மாவைப் போட்டேன்.

டின்னைத் தாம்பாளத்தில் கவிழ்த்தோம். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. நடுவில் ஒரே ஒரு கொண்டைக்கடலை. எல்லோரும் ஸ்டோர்கீப்பரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "என்னய ஏன்டா பாக்குறீங்க? நானே ராஜ்மாதான் போட்டேன். எனக்கு மட்டும் ஸ்டோருல ஊசாதா என்ன?"

அப்படியானால் யார்? கம்பி கட்டும் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"நான்தான் போட்டேன். அவரு பேச்சு ரொம்ப நல்லா இருந்துச்சு, அதான்."

அந்தச் சிரிப்பு அடுத்த பிளாக் வரை கேட்டிருக்கும். ஸ்டோர்கீப்பர் ஓடிவந்து அவரை இடுப்போடு தூக்கிவிட்டார். அடுத்த வாரம் கேம்ப் முழுவதற்குமான பொதுத் தேர்தலில் அண்ணனுக்காக மேடையேறிப் பேசியவரும் ஸ்டோர்கீப்பர்தான். ஜெயித்தோம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா. சோறு பரப்பும் முறையில் இரண்டாவது வாரம் என்னுடையது. நானே கேட்டு வாங்கிக்கொண்டது. என் டப்பாவும் அன்றிலிருந்து ஃப்ரிட்ஜுக்குப் போகவில்லை. பையன்களின் டப்பாக்களோடு சைட் நிழலில்தான் கிடந்தது. அது ஊசாமல் இருக்கிறதா என்று தினமும் எனக்கும் தெரிய வேண்டுமே.

இப்போது வேறு கம்பெனி, வேறு அறை, ஹாலில் பெரிய டி.வி. அதில் எந்த நாட்டுத் தலைவர் எவ்வளவு அழகாக விவாதம் செய்தாலும், ரசித்துக் கேட்டுக்கொண்டே, இவருடைய மதியச் சோறு எங்கே இருக்கிறது என்றுதான் என் மனம் முதலில் கேட்கிறது.