பிரேக் போடாமல் ஒரு திருப்பம்

எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று நான் சொன்னால் யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் திருப்பத்தில் என்னை முந்திய ஆள் பழவேற்காட்டில் ஒருவர் உண்டு என்றால் கூட்டிக்கொண்டு வரட்டும், பார்க்கலாம்.

எண்பதுகளின் தொடக்கம். வாப்பாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்த பிறகு எங்கள் பழைய பியட் காரை நான்தான் ஓட்டினேன். அவரைப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் நான்தான், ஐஸ் போட்ட இறால் கூடைகளை ரயிலுக்குக் கொண்டு சேர்ப்பதும் நான்தான். அண்ணன் படகுகளைப் பார்த்துக்கொண்டார். என் கல்யாணப் பேச்சு வந்ததும் அவருக்குத் திடீரென்று ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பொம்பள ஸ்டியரிங் புடிச்சா ஊரு இன்னா பேசும்? சாவிய என்கிட்ட குடு."

சாவி போனால் நான் வீட்டோடு சரி. குடுக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

அப்போதுதான் சோழவரம் பக்கம் ஒரு மைதானத்தில் ஆட்டோகிராஸ் நடக்கப்போவதாகக் கேள்விப்பட்டோம். மண் தரையில் தகர டின்களை வைத்திருப்பார்கள். அவற்றைத் தட்டாமல் வளைந்து வளைந்து ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும், சீக்கிரம் முடிப்பவருக்குத்தான் வெற்றி. ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டலாம் என்றார்கள். வாப்பா ஒரே பேச்சில் முடித்தார்.

"ரெண்டு பேரும் ஓட்டுங்க. யாரு சீக்கிரம் வராங்களோ அவங்களுக்குதான் சாவி."

அண்ணன் வண்டியைத் தயார் செய்த அழகு இருக்கிறதே! பின் சீட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவிட்டு, சீட்டு இருந்த இடத்திலிருந்து டிக்கி வரை மணல் மூட்டைகளை அடுக்கினார். ஏரியில் காற்றடித்தால் சாயாமல் இருக்கப் படகில் பாரம் போடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. படகுக்குச் சரி. காருக்குப் பின்னால் பாரம் ஏற்றினால் திருப்பத்தில் வால் வெளியே வீசும். இறால் கூடைகளோடு தினமும் அந்த வாலிடம் மல்லுக்கட்டியவள் நான். சொன்னேன். "உனக்கு இன்னா தெரியும்" என்றார். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

முதலில் அவர் ஓட்டினார். நேரான இடத்தில் பறந்தார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் நியூட்ரலில் தள்ளிவிட்டு பிரேக்கை மிதித்தார். உப்புத் தண்ணீர் பட்டுப் பட்டு எங்கள் பிரேக் எப்போதும் இடது பக்கம்தான் இழுக்கும். கடைசித் திருப்பத்தில் வால் சுற்றி, வண்டி வந்த வழியையே பார்த்து நின்றது. எப்படியோ திருப்பி முடித்தார். சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம் அடித்தது.

என் முறை வருவதற்குள் மூட்டைகளை இறக்கினேன். ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் கழற்றிக் கீழே வைத்தேன். மண்ணை நன்றாகப் பிடிக்கட்டும் என்று பின் டயர்களில் கொஞ்சம் காற்றைக் குறைத்தேன். அந்த பிரேக்கை நம்புவதை எப்போதோ விட்டிருந்தேன். திருப்பத்துக்கு முன்பே ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒரு உறுமல் கொடுத்து, மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்குவேன். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பாரம் முன்னால் வரும், முன் சக்கரங்கள் மண்ணைக் கவ்வும், மூக்கு உள்ளே திரும்பும். டின்னைத் தாண்டியதும் ஒரே மிதி. அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இன்றைக்கும் குறைத்துச் சொல்ல மனமில்லை.

நேரம் பார்த்தவர் நான்தான் சீக்கிரம் என்று இரண்டு தடவை சொன்னார். அண்ணன் கேட்காத மாதிரி நின்றார். வாப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, குனிந்து, நல்ல கையால் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"சூடே இல்லியே. பிரேக்கே போடலியா?"

"போடல வாப்பா."

கையை அங்கேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "சாவி இவகிட்டயே இருக்கட்டும்" என்றார்.

திரும்பும்போது முன்னால் என் பக்கத்தில் வாப்பா. பின் சீட்டுதான் வீட்டில் கிடக்கிறதே, அண்ணன் மணல் மூட்டை இருந்த இடத்தில் குந்திக்கொண்டார். முதல் திருப்பத்திலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்தார்.

"ஆடாம உக்காருண்ணே, வால் போவுது" என்றேன்.

இரண்டு கையாலும் என் சீட்டைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் ஆடாமல்தான் வந்தார்.