லாக்சன் வாத்தியார் பேசவைத்த தலைவர்

லாக்சன் கும்வெண்டா வாத்தியாரின் சட்டைப்பையில் சாக்பீஸ் இருந்து யாரும் பார்த்ததில்லை. கழுத்தில் சிவப்புக் கயிற்றில் ஒரு பென் டிரைவ் தொங்கும், அவ்வளவுதான். தலைநகர் லிலோங்வேயில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த நாளிலிருந்து அது தொங்குகிறது. குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நாம் கேட்கக்கூடாது.

பயிற்சியில் கொடுத்த சான்றிதழைக் கரும்பலகைக்கு நடுவிலேயே ஆணியடித்து மாட்டிவிட்டார். எழுத இடமில்லை. எழுதப்போவதும் இல்லையே! எல்லாம் பொம்மைப்படம்தான். வலைத்தளத்தைத் திறப்பார், வட்டம் சுற்றும். கொசு எப்படி வளர்கிறது என்ற பாடத்துக்கு அது சுற்றிய சுற்றில், வகுப்பறை மூலைத் தண்ணீர்ப் பானையில் நிஜக் கொசுவே முட்டையிட்டுப் பொரித்துப் பறந்துவிட்டது. எழுபத்துநாலு பிள்ளைகளுக்கு ஒரு லேப்டாப். விடை தெரிந்தவர் பொத்தானை அழுத்த வேண்டும் என்றால், முழங்கை பலம் உள்ளவன்தான் அழுத்துவான். போன பருவத்தில் கணக்கில் முதல் மார்க் வாங்கியது ஒரு மல்யுத்தக்காரன்.

ஆள் மலைப்பக்கம். ஏரிக்கரைக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடத்தில் ஒரு சாவுக்கு வந்ததில்லை, ஒரு கல்யாணத்தில் மரவள்ளிக் களி தின்றதில்லை. மீன் வாடை ஒத்துக்கொள்ளாதாம். போன வருடம் புதுத் தலைவருக்குப் பட்டம் கட்டியபோது இரண்டு நாள் மேளம் முழங்கியது. இவர் பள்ளிக்குப் பின்னால் குன்றில் ஏறி, சிக்னல் கிடைக்கிற பாறையில் உட்கார்ந்து இணைய வகுப்பு கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்பின் தலைப்பு: ஊர் மக்களைப் பாடத்துக்குள் இழுப்பது எப்படி.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆசை வந்தது ஒரு மோட்டார் சைக்கிள் மேல். மாவட்டக் கல்வி அலுவலகத்தில் புதிதாக ஒரு பதவி போட்டிருந்தார்கள். பள்ளி பள்ளியாகப் போய், வீடியோ செய்வது எப்படி, வலையில் படம் வரைவது எப்படி என்று மற்ற வாத்தியார்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுற்றிவர வண்டி உண்டு. பதவி வருமுன்பே லாக்சன் தலைக்கவசம் வாங்கி மேசையில் வைத்துவிட்டார். வேண்டியது இரண்டே இரண்டு: மாவட்டத்திலிருந்து வருகிற மேடம் எலுபி நியாசுலு பாடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஊர்த் தலைவர் ம்வெராங்கா முத்திரை குத்த வேண்டும்.

முத்திரைக்கு அவர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். புகைப்படத்தைக் கொடுத்தால் கண் சிமிட்டி, வாயசைத்துப் பேசவைக்கிற தளம் ஒன்று இருக்கிறதே! தலைவரே படத்தில் வந்து எல்லாரையும் வரவேற்றால் மனிதர் குளிர்ந்துபோக மாட்டாரா?

தலைமையாசிரியர் கொண்டோவே சொல்லிப் பார்த்தார். "லாக்சன், தலைவர் வீட்டுக்கு ஒரு நடை போய் போட்டோ எடுத்துட்டு வந்துடுங்களேன். பத்து நிமிஷம்தானே?"

"என்னங்க ஐயா, இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க. வலையில இல்லாத போட்டோவா?"

தட்டினார். சிறுத்தைத் தோல் தொப்பியோடு கம்பீரமான முகம் ஒன்று வந்தது. கீழே 'தலைவர் ம்வெராங்கா' என்று பெயர். எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கம் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் பெயர் ம்வெராங்காதான். ஆள் போவார், பெயர் போகாது. தொப்பிக்காரர் இறந்து இரண்டு வருடம். ஊர் வழக்கப்படி பட்டமும் பெயரும் அவருடைய தங்கை மகனுக்குப் போய்விட்டன. பெற்ற மகன்களுக்கு அது இன்னும் செரிக்கவில்லை. கரையில் படுத்திருக்கிற நாய்க்குக்கூட இது தெரியும்.

அந்த நாளும் வந்தது. ஜன்னல்களுக்குக் கோணிப்பை கட்டி, சுவரில் படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்கள். ஊர்க்காரர்கள் பாயில் உட்கார, மேடமும் தலைவரும் வந்து நாற்காலியில் அமர்ந்தார்கள். ஒயரில் கண்ணாயிருந்த லாக்சன், "பெரியவரே, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஒயர மிதிக்கிறீங்க," என்றார். தலைவர் தள்ளி உட்கார்ந்தார். கொண்டோவே கண்ணை மூடிக்கொண்டார்.

வட்டம் சுற்றியது. பிறகு இறந்தவர் முகம் விரிப்பு நிறைய வந்து கண்ணைச் சிமிட்டியது.

பாயில் இருந்த பெண்களில் ஒருத்தி ஒப்பாரியே எடுத்துவிட்டாள். லாக்சன் மேடத்தின் பக்கம் குனிந்தார். "பாத்தீங்களா மேடம், ஊரே உருகுது!"

படம் வாயைத் திறந்தது. வந்தது லாக்சனுடைய மூக்குக் குரல், அதுவும் மலைப் பேச்சு. "நான்தான் தலைவர் ம்வெராங்கா. இந்த ஊருக்கு என்னை விட்டால் வேறு தலைவன் கிடையாது. லாக்சன் வாத்தியாருக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்க மனமாரச் சம்மதிக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து இறந்தவரின் மூத்த மகன் யொராம் துள்ளி எழுந்தான். "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்! எங்கப்பா இன்னும் நாற்காலிய விட்டு எறங்கல!"

"எறங்காட்டி போறாரு," என்றாள் மீன்காரி ஒருத்தி. "உசிரோட இருந்தப்ப மலைக்காரன் பேச்சைக் கேட்டாலே காறித் துப்புவாரு. ரெண்டு வருஷத்துல எப்படிப் பேசக் கத்துக்கிட்டாரு?"

சிரிப்பும் அழுகையும் கைகலப்புமாக அறை கொந்தளித்தது. வரவேற்பு திரும்பத் திரும்ப ஓடும்படி லாக்சனே அமைத்திருந்தார், நிறுத்தத் தெரியவில்லை. தலைவன் நானே, மோட்டார் சைக்கிள் கொடு, தலைவன் நானே, மோட்டார் சைக்கிள் கொடு. மூன்றாவது தடவை கொண்டோவேதான் ஒயரைப் பிடுங்கினார்.

தலைவர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "வாத்தியாரே, நான் யாரு?"

லாக்சன் அவரை அன்றைக்குத்தான் முதல்முதலாக நிமிர்ந்து பார்த்தார். "நீங்க... பெற்றோர் சங்கமா?"

மேடம் பேனாவை மூடினார். "மூணு வருஷமா நீங்க எங்க சார் குடியிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கையெழுத்து இல்லை. முத்திரை பையை விட்டு வெளியே வரவே இல்லை. தண்டம் இரண்டு ஆடு. மன்னிப்புக்கு மண்டியிட்டுக் கையைக் குவித்து மெல்லத் தட்ட வேண்டும். அதையும் பாட்டுக் கச்சேரிக்குத் தட்டுவதுபோலத் தட்டினார். பிள்ளைகள் ஒரு வாரம் அதையே செய்து காட்டினார்கள். அவர் வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிள் வேறு பள்ளிக்காரருக்குப் போயிற்று. தலைக்கவசத்தில் ஒரு கோழி அடைகாக்க ஆரம்பித்தது.

அடுத்த வாரம் யொராம் கொழுத்த சேவல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தான். "சார், அப்பாவ இன்னொரு தடவ பேச வைக்கணும். நாற்காலி மூத்த மகனுக்குத்தான்னு ரெண்டு வார்த்தை. நம்ம கரைப் பேச்சுல. நானே குரல் குடுக்கறேன்."

கொஞ்சமாவது புத்தி உள்ளவன் கதவைச் சாத்தியிருப்பான். லாக்சன் வாத்தியார் காலியாகக் கிடந்த ஆட்டுப் பட்டியைப் பார்த்தார். சேவலைப் பார்த்தார். கழுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டார்.

"உக்காருங்க யொராம்," என்றார். "இந்தத் தடவ அப்பா தொப்பியோட பேசணுமா, தொப்பி இல்லாமலா?"