மாத்திரையை விட்டுடலாமா?

போன மாதம் ஒரு பேங்க் கவுன்டரில், நான் நான்தான் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை.

விஷயம் சின்னது. ஒரு ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். கவுன்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், ஃபாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சைன் மேட்ச் ஆக்தில்ல மேடம். இன்னொந்த்சல ஹாக்கி" என்றாள். கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம், இன்னொரு தடவை போட வேண்டுமாம். போட்டேன். மறுபடியும் போட்டேன். ஐந்து கையெழுத்து... ஐந்தும் ஐந்து பேர் போட்டது போல இருந்தன. கை அப்படி நடுங்கியது.

பக்கத்தில் நின்ற என் கணவர் முகுந்தன் பேனாவை மெதுவாக வாங்கி மூடினார். "இன்னொரு நாள் வந்துக்கலாம், வா" என்றார்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கு பைபோலார். தமிழில் இருமுனைக் கோளாறு என்கிறார்கள். எங்கள் வீட்டில் அதன் பெயர் 'மேலே-கீழே'. மேலே போனால் தூக்கம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், உலகத்தையே நான் ஒருத்தி நடத்திவிடுவேன். கீழே போனால் பல் தேய்க்கக்கூட எழுந்திருக்க மாட்டேன். இரண்டுக்கும் நடுவில் என்னை நிறுத்தி வைப்பது லித்தியம் என்கிற ஒரு மாத்திரை. பன்னிரண்டு வருடமாக ஒரு நாள் விடாமல் சாப்பிடுகிறேன்.

பிடித்தா சாப்பிடுகிறேன்? அதெல்லாம் இல்லை. நாக்கில் எப்போதும் ஓர் இரும்பு ருசி. எந்நேரமும் தாகம். இடுப்பில் நாலு கிலோ கூடுதல். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். மேலே போகும்போது ஒரு வேகம் வருமே... அது இப்போது வருவதில்லை. இந்தப் பத்தியை எழுத இரண்டு நாள் ஆகிறது. அந்த நாட்களில் காபி ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடுவேன். (அது படிக்கிற மாதிரி இருந்ததா என்று கேட்காதீர்கள்.)

பேங்கிலிருந்து திரும்பி, மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து, செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முகுந்தன் கேட்டார்:

"பன்னெண்டு வருஷமா நன்னாத்தானே இருக்கே... அந்த மாத்திரையை விட்டுடலாமா?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யார் கேட்கிறார்? ஷிஃப்ட் இருக்கிற நாளில் ஹெப்பாளிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதே போன் செய்து "போட்டுண்டியா?" என்று விசாரிக்கிற மனுஷர். நான் அழுதும் சண்டை போட்டும் ஒரு மாத்திரையைக்கூட விட்டுக்கொடுக்காதவர்.

"நீங்களா ரீ சொல்றேள்?" என்றேன். (மூன்று தலைமுறையாக மைசூர்க்காரர்கள். கணவரைக் கூப்பிட எங்களுக்குக் கன்னடத்து 'ரீ'தான் வசதி.)

"அந்தப் பொண்ணு முன்னால நீ முழிச்சிண்டு நின்னதை என்னால பாக்க முடியலை. கை நடுங்கறது. காலம்பற வயத்தைப் பெரட்டறதுங்கறே. எல்லாம் அதாலதான். பேடா, வேண்டாம். விட்டுடு."

பொய் சொல்வானேன்? எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஜெயிலர் வந்து பூட்டைத் திறந்து, "போயிட்டு வாம்மா" என்றால் யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் எனக்கு இதில் முன் அனுபவம் உண்டு. இந்தப் பன்னிரண்டு வருடக் கணக்குக்கு முந்தைய கதை அது.

நோய் தெரிந்த முதல் இரண்டு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். நன்றாக இருந்தேன். நன்றாக இருப்பவளுக்கு எதற்கு மாத்திரை என்று யாரிடமும் சொல்லாமல் விட்டேன். அடுத்த மாதமே ஒரு மகத்தான யோசனை வந்தது. நம் ஊர்த் தமிழ்க் குழந்தைகளுக்குக் கன்னடம் தண்ணீராக ஓடுகிறது. தமிழில் தங்கள் பெயரை எழுதச் சொன்னால் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஞாயிறுதோறும் எங்கள் வீட்டிலேயே தமிழ் ஸ்கூல்! ஒன்பது நாள், தூக்கமே இல்லாமல், தெருத்தெருவாகக் கதவு தட்டினேன். நாற்பத்து மூன்று குழந்தைகள் சேர்ந்தார்கள். வாசலில் பந்தல் போட்டாயிற்று.

திறப்பு விழா அன்று நான் 'கீழே' போய்விட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான்.

வாசலில் நாற்பத்து மூன்று குழந்தைகள். வீட்டில் இருந்ததோ முகுந்தன் ஒருவர். அவர் கன்னட மீடியம். தமிழ் பேசுவார், ஓர் எழுத்து எழுதத் தெரியாது. கையைப் பிசைந்துகொண்டு நின்றவர், பந்தலுக்குப் போய், "இன்னிலேர்ந்து நானும் உங்களோட படிக்கப்போறேன்" என்றார். மூன்று மாதம் நடத்தினார். சனிக்கிழமை கற்றுக்கொண்டதை ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தார். அவர் "அ... ஆ..." என்று சொல்வதைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அவமானம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆகவே இந்தத் தடவை திருட்டுத்தனம் வேண்டாம், விடுவதென்றால் டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு விடுவோம் என்றேன். மறுநாள் காலையிலேயே போனோம்.

எங்கள் டாக்டரம்மா கொள்ளேகால் பக்கம். அவர் தமிழைக் கேட்டால் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்றிருக்கும்.

"நாங்க மாத்திரையை விடலாம்னு இருக்கோம் டாக்டர்" என்றேன். அந்த 'நாங்க'வைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "விடறதப் பத்தி அப்பறம் பேசலாங்கம்மா. இந்த நடுக்கம் எப்ப இருந்துங்க?"

"ஒரு மாசமா."

"பன்னெண்டு வருசம் இல்லாதது ஒரு மாசமா எப்படிங்க வரும்? ஊட்டுல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறலை" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில்.

"வலி மாத்திரை ஏதாச்சும்? வயித்துப்போக்கு? வெரதம்?"

இல்லை, இல்லை, இல்லை.

"புதுசுன்னா என் பி.பி.தான்" என்று முகுந்தன் சிரித்தார். "ஆறு வாரம் முன்னால கம்பெனி செக்கப்ல சொன்னா. உப்பைக் குறைன்னா. இவ உப்பு ஜாடியையே பரண்ல ஏத்திட்டா டாக்டர். நான் சாப்பிடாத உப்பு அவளுக்கும் வேண்டாமாம். சாம்பார், சாத்துமது, மோர் எதுலயும் கிடையாது. ஊறுகாய், அப்பளம்கூட நின்னாச்சு."

பெண்டாட்டியைப் பற்றிப் பெருமையாகத்தான் சொன்னார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அவருக்குக் கொறைக்கச் சொன்னாங்க, சரி. உங்களுக்கு யாருங்கம்மா சொன்னது?"

பிறகு பொறுமையாக விளக்கினார். உடம்பில் உப்பு திடீரென்று குறைந்தால், இருக்கிற உப்பைச் சிறுநீரகம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம். கூடவே லித்தியத்தையும். வெளியே போக வேண்டிய மருந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. நான் விழுங்குவது பழைய அளவுதான். ரத்தத்தில் ஏறுவது அதிகம். நடுக்கமும் குமட்டலும் அதனால்தான். இன்னும் ஏறியிருந்தால் ஆஸ்பத்திரிதான். ரத்தத்தில் அளவு பார்க்கும் டெஸ்ட்டையும் நான் இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்கிற திமிர்.

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று ஜோக்கடித்துக்கொண்டே ஆறு வாரம் பரிமாறியிருக்கிறேன்.

அன்றே ரத்தம் எடுத்தார்கள். அளவு ஏறித்தான் இருந்தது. டாக்டரே சில நாள் மாத்திரையை நிறுத்தி, மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்த்துத் தொடங்கினார். உப்பு ஜாடி பரணிலிருந்து இறங்கியது.

முதல் நாள் டாக்டரிடமிருந்து திரும்பும்போது முகுந்தன் ஸ்கூட்டரை மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினார். வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தவர், "நான் நிறுத்தச் சொன்னேனே... நீ பாட்டுக்கு விட்டிருந்தா?" என்றார்.

"விட்டிருந்தா இன்னொரு ஸ்கூல் ஆரம்பிச்சிருப்பேன். நீங்க இந்தத் தடவை தெலுங்கு கத்துண்டிருப்பேள்."

சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். எனக்கும் அழுகை வந்தது. அவர் மேல் கோபமே வரவில்லை. அவருக்கு நான் நன்றாக இருக்க வேண்டும், எனக்கு அவர் நன்றாக இருக்க வேண்டும். இதில் யாரைத் திட்டுவது?

சரி, கேள்விக்கு வருவோம். விடலாமா, கூடாதா? அன்றைக்கே டாக்டரைக் கேட்டேன்.

"விட்டுப் பாக்கோணும்னா மெல்ல மெல்லக் கொறைக்கோணுங்க. நானும் கூட இருக்கோணும். கை நடுங்கறப்ப அந்த முடிவு வேண்டாங்கம்மா. நின்னதுக்கப்பறம் நீங்களே சொல்லுங்க" என்றார்.

மூன்று வாரத்தில் நடுக்கம் நின்றது. போன திங்கட்கிழமை போயிருந்தோம். "இப்பச் சொல்லுங்க, விடலாங்களா?" என்றார். முகுந்தன் என் முகத்தைப் பார்க்காமல் சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரும் அவசரப்படுத்தவில்லை.

அந்தப் பழைய வேகத்தை நினைத்தேன். ஆசையாகத்தான் இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மூன்று மாதத்தையும் நினைத்தேன்.

"இருக்கட்டும் டாக்டர்" என்றேன்.

இத்தனை வருடத்தில் யாரும் மிரட்டாமல், யாரும் கெஞ்சாமல், நானாகச் சொன்ன முதல் 'இருக்கட்டும்' இது. எல்லோருக்கும் இதுதான் பதில் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. இந்த வருடத்துக்கு, என் பதில் இது.

எங்கள் அடுப்பில் இப்போதெல்லாம் இரண்டு சாம்பார் கொதிக்கிறது. தாம்பத்தியத்தில் எதை வேண்டுமானாலும் பங்கு போட்டுக்கொள்ளலாம் — அடுத்தவர் பத்தியத்தைத் தவிர.