சாட்டை பிடித்த கை

குருநகரில் எங்கள் தேவாலயப் பங்கின் திருப்பாடுகள் நாடகத்தில், யேசுவைச் சாட்டையால் அடிக்கும் சேவகன் நான்தான். மேடை என்றாலே கை நடுங்கும். ஒருவருக்கும் சொன்னதில்லை, மறைப்பதுதான் நடிகனுக்கு அழகு என்று நினைத்திருந்தேன்.

அன்று சனத்தைக் கண்டதும் மூச்சு அடைத்தது. தூணில் விழவேண்டிய சாட்டையை, யேசுவாக நின்ற மீனவர் அந்தோனி அண்ணையின் வெறும் முதுகில் வீசினேன். நிறுத்த முடியவில்லை. தோல் கிழிந்து இரத்தம் வழிந்தது. சனம் நடிப்பென்று நினைத்து அழுதது.

தூணில் கட்டப்பட்டிருந்த அண்ணை மெல்லத் திரும்பினார். "பயமோடா?"

"ஓம் அண்ணை."

"எனக்கும்தான். முதலிலை மூச்சை விடு. பிறகு தூணுக்கு அடி. நாளைக்கு நான் இந்த முதுகோடைதான் உப்புத்தண்ணியிலை இறங்கோணும்."

சிரிப்போடு மூச்சும் வந்தது. அடுத்த அடி தூணில் விழுந்தது.

இப்போதும் கை நடுங்குகிறது. மேடையேறுமுன் அண்ணையிடம் போய், "பயமாக் கிடக்கு" என்று சொல்லிவிடுவேன். அவர் சட்டையைக் கழற்றி, தழும்பேறிய முதுகைத் திருப்பி நிற்பார்.