தள்ளிப்போடும் மாத்திரையும் ஓர் ஆடிச்சுற்றும்

மருந்துக்கடை வைத்தவனுக்கு ‘பாதி டாக்டர்’ என்ற பெயர் தானாக வந்துவிடும். படிப்பு மட்டும் வராது. மருந்துக்கடை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரியும்.

சீப்பு

எங்கள் கடைக்கு எதிரே இட்லிக்கடை நடத்தும் பேச்சியம்மாளுக்கு வெகுகாலமாக ஆஸ்துமா. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் இழுப்பு அதிகமாகி, இன்ஹேலருக்கு ஓடி வருவாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இழுப்பும் போகும் என்று ஒரு டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆடித்தபசுத் திருவிழா முடிந்ததும் ஆபரேஷன் என்று கணவர் சுப்பையா நாள் பார்த்துவிட்டார். இவளுக்கோ பயம். எடுக்கலாமா என்று என்னைக் கேட்டாள். எனக்குத் தெரியாது, இன்னொரு டாக்டரையும் பாருங்கள் என்றேன். இது பொறுப்பான பதிலா, நழுவலா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கும்போதே, கூட வந்திருந்த சுப்பையா, “புள்ளைய ரெண்டும் கரையேறியாச்சு. இனி அது எதுக்குவே?” என்றார்.

பேச்சியம்மாள் அவருடைய வழுக்கையைப் பார்த்தாள். “உங்களுக்கு முடி போயி எம்புட்டு வருசமாச்சு, சீப்பைத் தூக்கிப் போட்டியளா?”

ஒற்றைக்கால்

ஆடித்தபசுக்குக் கொடியேறினால் எங்கள் ஊரில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைக்குக் கிராக்கி. கோமதியம்மன் கோயிலை நூறு தடவைக்கு மேல் சுற்றி ஆடிச்சுற்று நடப்பதாக நேர்ந்துகொண்ட பெண்கள் கேட்பார்கள். அதையும் என் மனைவியிடம்தான் கேட்பார்கள். நான் அலமாரிப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். பேச்சியம்மாள் மட்டும் டாக்டர் சீட்டை நேராக என்னிடமே நீட்டினாள். இழுப்புக்காரி இத்தனை சுற்று நடப்பதா என்று எனக்குக் கவலை. இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

“கோமதியம்மா ஒத்தக் கால்ல தபசு நிக்கா. நான் ரெண்டு காலால நடக்க மாட்டனா அண்ணாச்சி?”

இட்லி

தபசு முடிந்து வந்தவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வழக்கமாக இழுக்கும் நாட்களில்தான் நடந்திருக்கிறாள். இன்ஹேலர் முந்தானை முடிச்சிலேயே கிடந்திருக்கிறது. மாத்திரை இழுப்பையும் சேர்த்துத் தள்ளிப்போட்டதோ என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது. அம்மன் அருள் என்றார் சுப்பையா. இரண்டையுமே திருநெல்வேலியில் வேறொரு டாக்டரிடம் போய்ச் சொன்னார்கள். அவர், ஆஸ்துமா மருந்தை விடாமல் எடுங்கள், கூடவே ஹார்மோன் மாத்திரையும் சில மாதம் பார்ப்போம், மாதவிலக்கு தானாக நிற்கும் வயதும் நெருங்குகிறது, ஆபரேஷனைத் தேவைப்பட்டால் யோசிக்கலாம் என்றாராம்.

இப்போது மாதவிலக்குக்கு முந்தைய இழுப்பு பெரும்பாலும் இல்லை. ஒருநாள் காலை இலை நிறைய இட்லியோடு வந்தாள். நான் ஒன்றும் செய்யவில்லையே என்றேன்.

“ஊருல அத்தனை பேரும் எடு எடுன்னாங்க. நீங்க ஒரு ஆளுதான் அண்ணாச்சி, எனக்குத் தெரியாதுன்னு நின்னிய.”

அது துணிச்சலா பயமா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை என்றாலும், அதற்குக் கிடைத்த இட்லி பஞ்சு மாதிரி இருந்தது.