ரேஸ் படமும் ஆர்.கே.பேட்டை பஸ்ஸும்

தியேட்டர் ஆபரேட்டர் எந்தப் படத்தையும் பார்ப்பதில்லை, படம் பார்க்க வந்தவர்களைத்தான் பார்க்கிறான். கேபினில் வெந்துபோன சக ஆபரேட்டர்களே, உங்களுக்குத் தெரியாததா?

திருத்தணியில் எங்கள் தியேட்டரைக் கல்யாண மண்டபமாக்க ஓனர் துடித்துக்கொண்டிருந்தார். மண்டபம் வந்தால் எனக்கு வேலை ஏது? "இன்னும் ஒரே ஒரு படம், நைனா" என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். இரண்டு ரேஸ் டிரைவர்கள் ஒருத்தனை ஒருத்தன் முந்தப் பார்க்கும் டப்பிங் படம் அது. "ஞாயித்துக்கெழம மேட்னிக்கு நானே வந்து பாப்பேன். ஹால் ரொம்பலன்னா ஸ்கிரீனக் கழட்டிடுவேன்" என்றார்.

கிருத்திகைக் கூட்டம்

வெள்ளிக்கிழமை கிருத்திகை. மலையிலிருந்து இறங்கி, சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளோடு நாற்பது பேர் வந்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏசி போட்டதும் மொத்தப் பேரும் தூங்கிவிட்டார்கள்.

இடைவேளையில் ஒருவர் கேபின்வரை ஏறி வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். "அந்தக் கார் சத்தத்தக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. கொயந்த தூங்கிகினு இருக்குது."

தறிக்காரர் தீர்ப்பு

சனிக்கிழமை மேட்னிக்கு அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தறிக்காரர் குடும்பத்தோடு வந்தார். பவர்லூம் வைத்திருப்பவர். இரண்டு காதையும் பொத்திக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்தார், பாவம். படம் எப்படி என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுத் தொலைத்தேன். "தறி சத்தம் தாங்காம இங்க வந்தா, இங்கயும் அதே சத்தம். அங்கயாச்சும் கடைசில ஒரு பொடவ வருங்க."

பாவாவும் மச்சானும்

அன்று மாலை முனுசாமியும் பாபுவும் வந்தார்கள். ஆர்.கே.பேட்டை ரூட்டில் ஆளுக்கொரு தனியார் பஸ் ஓட்டுகிறவர்கள். முனுசாமியின் தங்கையைத்தான் பாபு கட்டியிருக்கிறான். வீட்டில் பாவா என்று மச்சான் முறை, ரோட்டில் பங்காளி. ஸ்டாப்பில் நிற்கும் ஒரு ஆளுக்காக இரண்டு பேரும் உயிரை விட்டு முந்துவார்கள்.

படத்தில் ஆளுக்கொரு டிரைவர் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். டிரிப்புக்கு நேரமானதால் இடைவேளையோடு கிளம்பினார்கள். போகும்போது பாபு சொன்னான்: "எங்க பாவாவோட ஆளு தோக்கறத ஊரே பாக்கணும். நாளைக்கி என் பஸ்ல வர்றவங்கள இங்கதான் எறக்குவேன்."

கடைசி ரவுண்டு

சொன்னபடியே செய்தான். முனுசாமியும் விடவில்லை. ஞாயிறு மேட்னி ஹவுஸ்ஃபுல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரையில் கடைசி ரவுண்டு. இரண்டு காரும் உரசிக்கொண்டு போகின்றன. முனுசாமி போனில் மணி பார்த்தார், எழுந்தார். அவர் முதலில் பஸ்ஸை எடுத்தால் வழியெல்லாம் ஆளை அள்ளிவிடுவாரே, பாபுவும் எழுந்தான். இவர்களை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிற்கவேண்டும். ஹாலே எழுந்து ஓடியது. தடுக்கலாம் என்று கேபினிலிருந்து இறங்கி ஓடினேன். ஓனர் கதவைத் திறந்தபோது திரையில் இரண்டு கார், ஹாலில் நான்.

"நெறஞ்சிருந்தது நைனா, இப்பத்தான் போனாங்க" என்று கிழித்த டிக்கெட்டுகளை அள்ளிக் காட்டினேன். அவர் காலி நாற்காலிகளையே பார்த்தார். "டிக்கெட் வாங்கினவனே கடைசி வரைக்கும் குந்தல. அப்பறம் எனக்கு எதுக்குடா தியேட்டரு?"

இப்போது அதே ஹாலில் கல்யாணங்களுக்கு மைக்செட் பார்க்கிறேன். இங்கேயும் தாலி ஏறுமுன் சாப்பிட்டுவிட்டுப் பாதிப் பேர் பஸ்ஸுக்கு ஓடிவிடுகிறார்கள், ஆனால் மணமேடையைக் கழட்டிவிடுவேன் என்று ஓனர் ஒரு நாளும் சொன்னதில்லை.