யார் சமையல் பெட்டர்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாசின் கோயில் மண்டபத்தில் பெண்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறார்கள். நான் எஸ்டேட் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். என் இரண்டு மருமகள்களும் போகிறார்கள் என்று நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன்.

அன்றைக்கு ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுச் சொல்லும் பாடம். டால், டாலர், டாலெஸ்ட். குட், பெட்டர், பெஸ்ட். குட் மட்டும் ஏன் குட்டர் ஆகவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. டீச்சர் எங்களையே உதாரணமாக வைத்துப் பேசச் சொன்னார். எதிர்வீட்டுக்காரி என் பக்கம் கையை நீட்டினாள்.

"டீச்சர், இவங்களைக் கேளுங்க லா. ரெண்டு மருமகளும் இங்கதான் இருக்காங்க. யார் சமையல் பெட்டர்?"

மண்டபமே சிரித்தது. சின்ன மருமகள், "சும்மா சொல்லுங்க அத்தை, நான் கோச்சுக்க மாட்டேன்," என்றாள். பெரியவள் தலையைக் குனிந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குனிந்த தலை எனக்குத் தெரியும். செலண்டார் தோட்டத்துக்கு நான் கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டுக்கு யார் வந்தாலும் என் மாமியார், "சின்னவ கைப்பக்குவம் பெரியவளுக்கு வராது," என்பார். அந்தச் சின்னவள் நான்தான். எனக்கு அது இனிக்கத்தான் செய்தது. என் ஓரகத்தி இப்படித்தான் குனிந்தபடி தட்டுக் கழுவுவார். பிறகு நான் வைத்த கறியை அவர் ஒரு நாளும் தொடவில்லை. சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார். ஒரே அடுப்படியில் அத்தனை வருஷம். 'அக்கா சமையலும் நல்லாத்தானே இருக்கு' என்று ஒரு தடவை நான் சொல்லியிருக்கலாம்.

எழுந்து நின்றேன்.

"மை குக்கிங்," என்றேன். "மை குக்கிங் பெஸ்ட்."

கை தட்டினார்கள். டீச்சர் நடுவில் ஒரு 'இஸ்' போடச் சொன்னார். போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவள் பாசாரில் வாங்கிய மீனை என் முன்னால் வைத்தாள். "பெஸ்ட் ஆளே இன்னிக்குச் சமைக்கட்டும்." சின்னவள் மேசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் கரண்டி பிடித்தே பல வருஷம் ஆகிறது. புளி தூக்கிவிட்டது, வாசத்திலேயே தெரிந்தது.

ஒரு வாய் வைத்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அத்தை," என்றாள் சின்னவள், "உங்களைவிட நாங்க ரெண்டு பேருமே பெட்டர்."

பெரியவள் சிரிப்பை அடக்க முடியாமல் சின்னவள் தட்டில் இன்னொரு கரண்டி கறியை ஊற்றினாள்.

"இந்தா, நீயே தின்னு."